உண்ணிச்செடிக்குச் சொந்த ஊர் எது?

1902ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கோபெல் என்ற பூச்சியியலாளர் ஹவாய்த் தீவுகளுக்காக மெக்சிகோவில் அலைந்துகொண்டிருந்தார். அப்போதே பேர்பெற்ற மனிதர். 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சின்னப் பொறிவண்டைக் கொண்டுவரச் செய்து, கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில்பூச்சியின் பிடியிலிருந்து மீட்டவர். அங்கே பயிரைக் காப்பாற்றப் பூச்சியைத் தின்னும் பூச்சியைத் தேடினார். இப்போது தேடியது செடியைத் தின்னும் பூச்சியை. ஹவாயின் மேய்ச்சல் நிலங்களை முள்ளும் புதருமாக்கியிருந்த ஓர் அழகுச்செடியை ஒழிக்கவேண்டியிருந்தது. லான்டனா கமாரா என்பது அதன் தாவரவியல் பெயர். நமக்கு உண்ணிச்செடி.

கோபெலின் கணக்கு எளிமையானது. பிறந்த மண்ணில் அடங்கிக் கிடக்கும் செடி அந்நிய மண்ணில் ஆட்டம் போடுகிறதென்றால், அதை அரித்துத் தின்னும் பகையாளிகள் கூட வரவில்லை என்று பொருள். சொந்த ஊருக்குப் போய் அவர்களை அழைத்துவந்துவிட்டால் ஆட்டம் நிற்கும். இலையைச் சுரண்டுவது, பூவுக்குள் முட்டையிடுவது, காயைத் துளைப்பது, சாறு உறிஞ்சுவது என்று பொறுக்கிப் பொறுக்கி 23 வகைப் பூச்சிகளை ஹொனலுலுவுக்கு அனுப்பினார். எட்டு வகைகள் அங்கே நிலைத்தன. ஒரு களைச்செடிக்காக அதன் தாயகத்துக்கே போய்ப் பூச்சி தேடும் வழக்கம் இந்தப் பயணத்திலிருந்துதான் முறையாகத் தொடங்கியதாக உயிரியல் கட்டுப்பாட்டு வரலாறுகள் எழுதுகின்றன.

அதற்குப் பின் 120 ஆண்டுகளாகப் பல நாடுகள் 40க்கு மேற்பட்ட வகைப் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் உண்ணிச்செடியின்மீது ஏவிவிட்டுப் பார்த்துவிட்டன. ஹவாயின் வறண்ட பகுதிகளில் ஓரளவு பலன் கிடைத்தது. மற்ற இடங்களில் இலையில் கொஞ்சம் ஓட்டை விழுந்ததோடு சரி. பூச்சிகள் சோம்பேறிகள் அல்ல. கோபெல் தேடிப்போன ‘சொந்த ஊர்’ இருக்கிறதா என்பதிலேயே சிக்கல் இருந்தது.

இச்செடியை ஏன் இத்தனை பேர் விரும்பி வளர்த்தார்கள் என்பதற்குப் பூவைக் கிட்டத்தில் பார்த்தாலே போதும். ஒரு கொத்தில் 20 முதல் 40 வரை சிறு பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மெல்லிய குழல். கொத்தின் ஓரத்துப் பூக்கள் முதலில் விரியும், நடுவில் உள்ளவை கடைசியில். விரியும்போது மஞ்சள், மறுநாள் ஆரஞ்சு, பிறகு சிவப்பு அல்லது ஊதா. அதனால் எந்த நேரத்திலும் நடுவில் மஞ்சளும் சுற்றிலும் சிவப்புமாக ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறம் நிற்கும். பிரேசிலில் குடியேறியிருந்த ஃபிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் இதைக் கவனித்து எழுதியது 1877இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வண்ணத்துப்பூச்சிகள் முதல்நாள் மஞ்சள் பூக்களையே நாடுகின்றன, நிறம் மாறியவற்றைத் தாண்டிப் போய்விடுகின்றன என்று அவர் கண்டிருந்தார். தேன் இருப்பது மஞ்சளில்தான். பிறகு 1984இல் டெல்லியில் மோகன் ராம், கீதா மாத்தூர் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். பூவின் நிறத்தை மாற்றுவது வயது மட்டுமல்ல, மகரந்தச் சேர்க்கையே அதை முடுக்குகிறது, அதைச் செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இலைப்பேன்கள் என்று காட்டினார்கள். தேன் தீர்ந்த பூவைச் செடி ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது? தூரத்திலிருந்து பார்க்கும் பூச்சிக்குக் கொத்து பெரிதாகத் தெரியவேண்டும். அருகில் வந்தபின் எதில் தேன் என்று நிறம் சொல்லிவிடும். கடை பெரிது, சரக்கு ஒரு மூலையில்.

சேர்க்கை நடந்த பூ பச்சைக் காயாகி, ஊதா கலந்த கறுப்புப் பழமாகும். மிளகைவிடச் சற்றுப் பெரிது. சதை இனிப்பு, நடுவில் கெட்டியான ஒரு கொட்டை. மலையடிவாரத்து ஊர்களில் வளர்ந்தவர்கள் பழுத்ததைப் பறித்துத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பார்கள். காய் நஞ்சு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நல்ல செடி ஆண்டுக்கு 12,000 பழம்வரை கொடுக்கும் என்பது ஆய்வு நூல்கள் திரும்பத்திரும்பச் சொல்லும் கணக்கு. கொண்டைக்குருவி, மைனா, கரடி, குரங்கு எல்லாம் தின்னும். விதை எங்கே போய் விழும் என்பது பறவை எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. வேலிக்கம்பியின் கீழ், தனிமரத்தடியில், காட்டு விளிம்பில்.

இனி அந்தச் சொந்த ஊர். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்று இருக்கும். பொய்யில்லை. லான்டனா கமாராவும் அதன் நெருங்கிய உறவுச்செடிகளும் மெக்சிகோவிலும் கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் இயற்கையாக முளைப்பவை. அங்கே அவை பெரும்பாலும் திறந்த நிலத்தில், காட்டோரத்தில், பிற செடிகளோடு கலந்து நிற்கும் சாதாரணப் புதர்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் வடகிழக்குக் கரையைச் சில பத்தாண்டுகள் ஆண்ட டச்சுக்காரர்கள் வழியாக முதல் செடிகள் நெதர்லாந்துக்குப் போனதாகச் சொல்வார்கள். 1753இல் லின்னேயஸ் தம் புகழ்பெற்ற தாவர நூலில் இதற்குப் பெயர் சூட்டியபோது ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு இது பழகிய செடியாகிவிட்டிருந்தது.

குளிர்தேசத்தில் இது வெளியே பிழைக்காது, உறைபனி பட்டால் கருகிவிடும். ஆகவே கண்ணாடி வீடுகளுக்குள் வைத்தார்கள். அங்கேதான் விஷயமே நடந்தது. காட்டில் நூற்றுக்கணக்கான மைல்கள் தள்ளி வாழ்ந்த உறவுச்செடிகள், மெக்சிகோவின் ஒன்றும் கரீபியத்தின் ஒன்றும் பிரேசிலின் ஒன்றும், ஒரே கூரையின் கீழ்ப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நின்றன. தோட்டக்காரர்கள் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்தார்கள். எந்தக் கன்று அதிகமாகப் பூக்கிறதோ, எது ஆண்டு முழுதும் பூக்கிறதோ, எது மண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்கிறதோ, எதை வெட்டினாலும் தழைக்கிறதோ, அதையே வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெயரிட்ட ரகங்கள் நூற்றுக்கணக்காயின. 650 என்று ஒரு கணக்கு உண்டு.

நல்ல அழகுச்செடிக்கு என்னென்ன குணம் வேண்டுமென்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்களோ, அந்தப் பட்டியலை அப்படியே நல்ல களைக்கும் எழுதிவைக்கலாம். இரண்டுக்கும் ஒரே தகுதிதான்.

இந்தக் கலப்பின் தடயம் செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. உண்ணிச்செடியின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 11. ஒழுங்கான செடிக்கு இரண்டு தொகுதி, அதாவது 22 இருக்கவேண்டும். உண்ணிச்செடிகளை எடுத்து எண்ணினால் 22 மட்டுமல்ல, 33, 44, 55, 66 என்றெல்லாம் வருகிறது. 44தான் மிகச் சாதாரணம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜனாவோ டெங்கின் ஆய்வுக்கூடம் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. இச்செடியின் சூல்செல்கள் சில, பாதியாகக் குறையவேண்டிய குரோமோசோம்களைக் குறைக்காமலே விதைக்கு அனுப்பிவிடுகின்றன. அப்படிப்பட்ட சூலும் வேறொரு செடியின் மகரந்தமும் சேர்ந்தால் ஒரே தலைமுறையில் குரோமோசோம் தொகுதி கூடிவிடும். தொகுதி கூடிய செடிகள் பல சமயம் தடித்த இலையும் வலுவுமாக வளரும், பலவகைத் தட்பவெப்பத்தையும் தாங்கும்.

இதையெல்லாம் கண்ணாடி வீட்டுக்குள் வைத்திருந்தவரை யாருக்கும் நட்டமில்லை.

தாவரவியலாளர் ரோஜர் சாண்டர்ஸ் இக்குழப்பத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். உலகமெங்கும் களையாய்ப் பரவியிருப்பது லின்னேயஸ் பார்த்த அந்தக் காட்டுச்செடியே அல்ல, பல இனங்கள் கலந்து உருவான தோட்டக் கலப்பு என்று முடிவுகட்டி 2006இல் அதற்கு லான்டனா ஸ்ட்ரிகோகமாரா என்று தனிப்பெயர் கொடுத்தார். எல்லாத் தாவரவியலாளர்களும் அந்தப் பெயரைப் புழங்கத் தொடங்கிவிடவில்லை. வனத்துறைக் கோப்புகளில் கமாராதான் நீடிக்கிறது. பெயரில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அதன் பின்னுள்ள செய்திதான் முக்கியம். முதுமலையை நிரப்பியிருக்கும் செடியை மெக்சிகோவின் எந்தப் புதர்க்காட்டிலும் அச்சு அசலாகப் பார்க்க முடியாது. அதன் பாட்டன் பாட்டிகளைப் பார்க்கலாம். கோபெலும் அவர்களைத்தான் பார்த்தார். அவர்களைத் தின்று பழகிய பூச்சிகளைப் பேரப்பிள்ளைகளிடம் கொண்டுவந்து விட்டார். சில தின்றன, சில முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. ஒரே பூச்சி இளஞ்சிவப்புப் பூ ரகத்தைத் தின்றுவிட்டுப் பக்கத்திலிருக்கும் சிவப்புப் பூ ரகத்தைத் தொடாமல் விடுவதை ஆஸ்திரேலியர்கள் பிறகு வருந்தி வருந்திக் கவனித்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சப்பாத்திக்கள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அமெரிக்கச் செடி, அதுவும் தென்னிந்தியக் கரிசல் முழுதும் வேலிகளையும் வயல்வரப்புகளையும் விழுங்கியிருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் மடல்களில் அப்பிக்கொண்டு சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் ஹெக்டேர் கள்ளியைச் சுருட்டிவிட்டது. கள்ளி கலப்புக் குழப்பம் இல்லாத செடி. எதிரிக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.

இந்தியாவுக்கு உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் அழகுக்காகவும் வேலிக்காகவும் வளர்த்தார்கள். இலங்கையில் பேராதனைத் தோட்டம் வழியாக 1820களில். ஆஸ்திரேலியாவில் 1841. ஹவாயில் 1858. இந்தக் கடைசி ஆண்டுக்குப் பொறுப்பாளி வில்லியம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஹொனலுலுவில் தம் தோட்டத்துக்காகக் கொண்டுவந்தார். அவரே 1865இல் பயிர்ப்புழுக்களைத் தின்ன இந்தியாவிலிருந்து மைனாவையும் தருவித்தார். மைனா புழுவோடு நிறுத்தவில்லை. லான்டனாப் பழத்தைத் தின்று விதையைத் தீவு தீவாகத் தூவியது. அமெரிக்கச் செடி, இந்தியப் பறவை, இரண்டையும் பசிபிக்கின் நடுவே சந்திக்கவைத்தவர் ஒரே ஆள். ஹவாயின் தாவரங்களைப் பற்றி அருமையான நூல் எழுதியவரும் அவரே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவுக்கு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு செடி வந்து அதிலிருந்து எல்லாம் பெருகியது என்று நினைத்தால் தவறு. 2014இல் அவிக் ராய், சுஹேல் காதர் இருவரும் நாட்டின் பல பகுதிகளில் சேகரித்த உண்ணிச்செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மூலங்களிலிருந்து பலமுறை வந்திருக்கிறது என்றும் வந்தவை இங்கேயும் கலந்துகொண்டே இருக்கின்றன என்றும் தெரிந்தது. கன்டோன்மென்ட் பங்களாவுக்கு ஒன்று, மலைவாசஸ்தலத்துக்கு ஒன்று, தோட்டத்துரையின் வேலிக்கு ஒன்று என்று ஆளாளுக்கு விருப்பப்பட்ட நிறத்தை வரவழைத்திருக்கிறார்கள்.

வந்தது மட்டும் போதாது, கால் ஊன்ற இடம் வேண்டும். உண்ணிச்செடிக்கு வெயில் வேண்டும். அடர்ந்த சோலைக்குள், மழைக்காட்டின் இருட்டுக்குள் அதனால் நுழைய முடியாது. கூரை உடைந்த இடத்தில்தான் அது வாழும். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கூரை பரவலாக உடைந்தது. இலங்கையின் மலைநாட்டில் காடழித்துக் காப்பி போட்டார்கள். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மன்னார் வழியாக நடந்துபோன தமிழ்த் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் களை கொத்தினார்கள். அந்த உழைப்பு இருந்தவரை எந்தச் செடியும் தலை தூக்கவில்லை. 1869இல் காப்பி இலைத்துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் சரிந்தது. பல தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, மாறாதவை கைவிடப்பட்டன. மண் திறந்து கிடக்கிறது, கொத்துவதற்கு ஆளில்லை, மரத்தில் கொண்டைக்குருவி. உண்ணிச்செடி அந்த நிலங்களில் ஏறியது. குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியின் கீழ்ச்சரிவுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். மூங்கில் வெட்டு, தேக்கு வெட்டு, சாலை, மேய்ச்சல் என்று திறந்த ஒவ்வொரு சன்னலிலும் அது எட்டிப் பார்த்தது.

உள்ளே வந்தபின் அதை வெளியேற்றுவது ஏன் இவ்வளவு கடினம்? நான்கு பட்டைத் தண்டில் கீழ்நோக்கி வளைந்த முள். தனியே நின்றால் ஆளுயரம். பக்கத்தில் மரம் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிக் குடைபோல் கவிழும். அடியில் புல் முளைக்காது. நிழல் ஒரு காரணம். இலையும் வேரும் மண்ணில் விடும் ஃபீனாலிக் சேர்மங்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுப்பது இன்னொன்று. புல் போனால் மானும் காட்டெருமையும் யானையும் மேய இடம் சுருங்கும். இலையைத் தின்னலாம் என்றால் அதில் லான்டடீன் என்ற நஞ்சு. கால்நடை மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். லான்டடீன் கல்லீரலைத் தாக்கிப் பித்தநீர் ஓட்டத்தை நிறுத்திவிடும். மாடு தின்ற பச்சைத் தழையின் பச்சையம் குடலில் சிதைந்து ஃபில்லோஎரித்ரின் என்ற பொருளாகிறது. வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேறவேண்டிய அது ரத்தத்தில் தேங்குகிறது. தோலுக்கு வந்து, வெயில் பட்டவுடன் வினைபுரிகிறது. மூக்கு, காது, மடி என்று முடி குறைந்த வெளிர்த்தோல் வெந்து உரியும். கண் மஞ்சளாகும். பழகின ஊர் மாடு உண்ணிச்செடியைத் தொடாது. பஞ்சகாலத்தில், அல்லது வேறு ஊரிலிருந்து ஓட்டிவந்தவுடன், பசியில் வாய்வைக்கும் மாடுகள்தான் சாகின்றன.

நெருப்பு பற்றிய விவாதம் தனிக்கதை. காட்டுத்தீ உண்ணிச்செடிக்கு உதவுகிறது, உண்ணிச்செடி காட்டுத்தீக்கு விறகாகிறது, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்ற கருத்தை 2005இல் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் முன்வைத்தார்கள். சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் அவர்களே தொடர்ந்து ஆராய்ந்தபோது வேறு படம் தெரிந்தது. அங்கே 1997இலிருந்து 2008க்குள் உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் சுமார் இரண்டு மடங்காகியிருந்தன, ஆனால் அந்தக் காலத்தில் பெருந்தீ அதிகரிக்கவில்லை. அம்மலையின் சோளகர்கள் இதற்குச் சொன்ன விளக்கம் நேர்மாறானது. முன்னாட்களில் கோடை தொடங்கும்போதே, சருகு முழுதாகக் காய்வதற்குள், தரையோடு ஓடும் சின்ன நெருப்பு வைப்பார்கள். தரகு பெங்கி என்று அதற்குப் பெயர். இளம் உண்ணிக்கன்றுகளும் மரங்களின் ஒட்டுண்ணிகளும் அதில் அடங்கும். 1974இல் சரணாலயம் வந்தது, நெருப்பு குற்றமானது, கன்றுகள் புதராயின. இப்போது அந்தப் புதருக்குள் நெருப்பு வைத்தால் அது தரையோடு ஓடாது, மர உச்சிக்குத் தாவும். ஆக, பழைய வழக்கத்தைத் தடுத்தது ஒரு தவறு, இன்று அப்படியே திருப்பிக் கொண்டுவர நினைப்பது இன்னொரு தவறாகலாம். சோளகர்களைக் கேட்காமல் எடுத்த முடிவுக்குக் காடு கட்டிய வட்டி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு பரவியிருக்கிறது? தேசியப் புலிக் கணக்கெடுப்புக்காகக் காடுகளில் திரட்டிய தகவல்களை வைத்து இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் நினாத் முங்கி, கமர் குரேஷி, ஜாலா ஆகியோர் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, உண்ணிச்செடி 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். நாட்டின் காடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வெப்பம் கூடக்கூட இன்னும் அவ்வளவு இடத்துக்குப் பரவ வாய்ப்பிருக்கிறது என்பதும் அவர்கள் கணிப்பு.

இந்தியாவும் பூச்சிகளை முயன்றுபார்த்தது. காயைத் துளைக்கும் ஈ 1921இல் ஹவாயிலிருந்து பெங்களூருக்கு வந்தது. டெலியோனிமியா என்ற சல்லடைச் சிறகுப் பூச்சி 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. சோதனையில் அது தேக்குப் பூவையும் கடிப்பதைக் கண்டு அதிகாரிகள் பதறி எல்லாப் பூச்சிகளையும் அழித்தார்கள். அழித்ததாக நினைத்தார்கள். பத்தாண்டு கழித்து அதே பூச்சி டேராடூனின் வெட்டவெளியில் உண்ணிச்செடிமீது உட்கார்ந்திருந்தது. தேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை; உண்ணிச்செடிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உகாண்டாவில் மட்டும் இப்பூச்சி 1960களில் லான்டனா இலை தீர்ந்தபோது பக்கத்து எள் வயலுக்குள் இறங்கியது. அதன்பின் எல்லா நாடுகளும் இன்னும் உன்னிப்பாகச் சோதித்தே பூச்சிகளை விடுகின்றன.

மிஞ்சியது கைவேலை. மேலே வெட்டினால் பயனில்லை, ஒரு மழையில் பத்துத் தளிர் வரும். ஜேசிபி வைத்து வேரோடு புரட்டினால் மண் கிளறி, புதைந்து கிடந்த விதைகள் வெளிச்சம் பார்த்து முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு தளிர் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தார். தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னப் பகுதிக்குத்தான் துளிர்க்கும் சக்தி. அதற்குக் கீழே உள்ள வேர் துளிர்ப்பதில்லை. எனவே முறை இப்படி: அந்தப் பகுதிக்குக் கீழே வேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணைத் தோண்டிப் புரட்டத் தேவையில்லை. கார்பெட் புலிகள் காப்பகத்தில் இப்படிச் செய்து, உடனே உள்ளூர்ப் புற்களை விதைத்துப் பார்த்தார்கள். புல் வந்தது, மானும் வந்தது. ஆனால் பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். அந்தத் தொடர்செலவைப் பட்ஜெட்டில் யாரும் எழுதுவதில்லை. ஒருமுறை அகற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு மழைக்குப் பின் பழைய காட்சிதான்.

தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் பல ஆண்டுகளாக இவ்விஷயத்தில் அரசை விடாமல் கேட்டுவந்தது. 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று மாநில அரசு தனிக் கொள்கையும் வெளியிட்டது. சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, முதுமலையில் மஞ்சள் பூவோடு மிரட்டும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் எல்லாம் அதில் உண்டு. சென்னாவைக் காகித ஆலைக்கு விற்க முடிகிறது. உண்ணிச்செடிக்கு அப்படி ஒரு பெரிய கிராக்கி கிடையாது.

கிடைத்த கிராக்கி அழகானது, சின்னது. மாதேஸ்வரன் மலையில் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்தின் துணையோடு மூங்கிலுக்கும் பிரம்புக்கும் பதிலாக உண்ணித்தண்டில் நாற்காலியும் கூடையும் பின்னுகிறார்கள். கூடலூரில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் தண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பட்டையை உரித்து, சூட்டோடு வளைத்து, இரும்புக்கம்பிச் சட்டத்தின்மேல் வரிவரியாக இறுக்கி முழு அளவு யானைகளைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் நீலகிரிக் காட்டில் உண்மையில் நடமாடும் ஒரு யானையின் சாயல். 2021இல் அந்தக் கூட்டம் லண்டனின் அரச பூங்காக்களில் நின்றது. 2024இல் கடல்தாண்டி அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இறங்கியது. தன் பாட்டன் பாட்டி பிறந்த கண்டத்துக்கு உண்ணிச்செடி யானை வடிவில் போய்ச்சேர்ந்திருக்கிறது. அந்தக் கைகளுக்குக் கூலியும் மரியாதையும் கிடைப்பது நல்லதே. ஆனால் யானை செய்தே 1,54,000 சதுர கிலோமீட்டரைக் காலிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நர்சரிகளில் லான்டனா நன்றாக விற்கிறது. குட்டையாய், முள் குறைவாய், ஆண்டு முழுதும் மஞ்சளாய் நிற்கும் ரகங்கள் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் வரிசையாய் இருக்கின்றன. இவை ‘காய்க்காத ரகம்’ என்று நர்சரிக்காரர் சொல்வார். சில உண்மையிலேயே அப்படித்தான். மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட செடியில் பங்கு பிரிக்கும்போது கணக்கு உதைக்கும், மகரந்தமும் விதையும் பெரும்பாலும் பொக்காகிவிடும். ஃபுளோரிடாவில் டெங்கின் குழு இந்த வழியில்தான் ப்ளூமிஃபை ரெட், ப்ளூமிஃபை ரோஸ் என்ற ரகங்களை உண்டாக்கி, காய், மகரந்தம் இரண்டையும் பல இடங்களில் வளர்த்துச் சோதித்துவிட்டு வெளியிட்டது.

மகரந்தத்தையும் அவர்கள் ஏன் சோதித்தார்கள் என்பதற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. தெற்கு ஃபுளோரிடாவின் சுண்ணாம்புப் பாறைப் பைன்காடுகளில் லான்டனா டெப்ரெஸ்ஸா என்ற தரையோடு படரும் மஞ்சள் பூச் செடி உண்டு. ஃபுளோரிடாவுக்கு வெளியே உலகில் எங்கும் கிடையாது. சுற்றுப்புற வீடுகளின் அழகு லான்டனாக்களிலிருந்து மகரந்தம் போய்ப் போய் அந்த இனமே கலந்து கரைந்துகொண்டிருப்பதை சாண்டர்ஸ் 1980களில் கண்டு எழுதினார். அழகுச்செடிகளில் சில காயே பிடிக்காதவைதான். ஆனால் அவற்றின் மகரந்தத்துக்கு உயிர் இருந்தது. காய்க்காத செடி தானே பரவாது, பக்கத்துச் செடிக்குத் தகப்பனாகலாம்.

நம் நர்சரிகளில் விற்கும் ரகங்களில் பெரும்பாலானவை இத்தகைய சோதனை எதையும் கண்டவை அல்ல. வாங்கி நட்டவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பூக்கொத்து வாடிய இரண்டு மூன்று வாரத்தில் பச்சைக் காய்க்குலை தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் பழுக்கவிடாமல் பிடுங்கிவிடலாம். மகரந்தத்தை அப்படிக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மசினகுடி விடுதிகளிலும் ஏற்காட்டு பங்களாக்களிலும் இருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்கும் தூரத்தில் காட்டு உண்ணிச்செடி பூத்து நிற்கிறது. ஐரோப்பியக் கண்ணாடி வீட்டில் தொடங்கிய கலப்பு அங்கே இன்னும் முடியவில்லை. புதிதாக இறக்குமதியாகும் ஒவ்வொரு நிறமும் அதற்குள்தான் போகிறது.